புழுங்கலரிசியும் தோட்டத் தொழிலாளரும்: தயமின் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் அவர்தம் கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் குடியுரிமை இழப்பைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். அவர்கள் உண்ட சோற்றைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. உணவு என்பது மருத்துவர்க்கும் வேதியியலார்க்கும் உரிய பொருள், சமூக வரலாற்றாசிரியனுக்கு அதில் வேலையில்லை என்னும் எண்ணமே இதற்குக் காரணம் போலும். ஆயின் உழைக்கும் மனிதனின் உடல் ஒவ்வொரு நாளும் தன்னை எவ்வாறு புதுப்பித்துக் கொள்கிறது என்ற வினாவை ஒதுக்கிவிட்டு உழைப்பின் வரலாற்றை எழுதுவது எங்ஙனம்?

இக்கட்டுரை ஒரேயொரு சத்தை, விற்றமின் பி1 எனப்படும் தயமினை, மையமாகக் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் யாவா, மலாயா, பிலிப்பைன்சு, யப்பான் ஆகிய நாடுகளில் அச்சத்தின் குறைவால் தோன்றும் பெரிபெரி நோய் கூலித்தொழிலாளரையும் கைதிகளையும் படையினரையும் ஆயிரக்கணக்கிற் கொன்றது. அதே காலத்தில், அதே வறுமையில், அதே குடியேற்றவாதத்தின் கீழ் மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டங்களில் உழைத்த தமிழரை அந்நோய் பெருமளவிலே தீண்டவில்லை. இது ஏன் என்பதே நம்முன் உள்ள வினா.

வினாவை எழுப்புதற்குத் தெல்தோட்டை பொருத்தமான இடம். பேராதனையிலிருந்து கலகா வழியாக மேலேறும் பாதையில் அமைந்த இச்சிற்றூரை அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரின் (1866-1918) பிறப்பிடமாகவே இலக்கிய மாணவர் அறிவர். புலவர் பிறந்ததற்கு அடுத்த ஆண்டில், 1867இல், அதே மலைத்தொடரைச் சேர்ந்த லூல்கந்துர தோட்டத்தில் யேம்சு தெயிலர் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். இலங்கையின் வாணிபத் தேயிலைச் செய்கை அங்கிருந்தே தொடங்கிற்று. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்ததும் அதே 1867ஆம் ஆண்டிலேதான். அந்த வண்டி கோப்பியைக் கீழே கொண்டு சென்றது. திரும்பி வருகையில் அரிசியை மேலே கொண்டு வந்தது. இரண்டாவது சுமையைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

நோயின் பெயரும் இலங்கையோடு தொடர்புடையது என்பது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. ‘இயலாது’ எனப் பொருள்படும் ‘பெரி’ என்னும் சிங்களச் சொல் இரட்டித்து நின்றதே ‘பெரிபெரி’ என்பது பலர் கூறும் விளக்கம். எழுந்து நடக்க முயல்பவன் இயலாது, இயலாது என்கிறான். 1642இல் வெளிவந்த நூலில் இந்நோயை விவரித்த ஒல்லாந்த மருத்துவர் பொந்தியசோ, நோயாளியின் நடை ஆட்டின் நடையை ஒத்திருப்பதால் அப்பெயர் வந்தது என்றார். இவ்விரு விளக்கங்களுள் எது சரியாயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்த பிரித்தானியப் படையினரிடையே இந்நோய் பரவியிருந்தது என்பதைத் தோமசு கிறிஸ்தி முதலிய படைமருத்துவரின் எழுத்துக்கள் காட்டுகின்றன.

தயமின் உடலிற் செய்யும் பணியைச் சற்று விளங்கிக் கொள்ளுதல் வேண்டும். நாம் உண்ணும் சோறு குடலிலே சமித்துக் குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கிறது. கலங்களினுள்ளே குளுக்கோசு பைருவிக்கமிலமாக உடைகிறது. இதுவரையில் வெளிப்படும் சக்தி சிறிதே. பைருவிக்கமிலம் மேலும் எரிந்து காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறும்போதுதான் சக்தியின் பெரும்பகுதி கிடைக்கிறது. அந்த எரிதலின் வாயிலில் நிற்கும் நொதியம் தனித்து இயங்கமாட்டாது. அதற்குத் தயமின் பைரோபொசுபேற்று என்னும் துணைநொதியம் வேண்டும். உடல் இதனைத் தயமினிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது. தயமின் இல்லையேல் வாயில் அடைபடும். பைருவிக்கமிலமும் இலற்றிக்கமிலமும் தேங்கும். குருதியிலே குளுக்கோசு நிறைந்திருக்கவும் கலம் பட்டினி கிடக்கும்.

முதலிற் பாதிக்கப்படுவன ஓயாது சக்தியைச் செலவிடும் உறுப்புக்கள், அதாவது நரம்பும் இதயமும். கால்கள் மரத்து, தசை மெலிந்து, நடை தளர்வது உலர் பெரிபெரி. இதயம் வீங்கித் தளர்ந்து, கால்களில் நீர் கோத்து, மூச்சு முட்டுவது ஈரப் பெரிபெரி. தாய்க்குக் குறைபாடு இருப்பின் அவளது பாலிலும் தயமின் குறையும். அப்பாலையே நம்பியிருக்கும் குழந்தை இரண்டு முதல் நான்கு மாதப் பருவத்திற் சில மணி நேரத்துள் இறந்துவிடக்கூடும்.

வளர்ந்த ஆணொருவனுக்கு நாளொன்றுக்குத் தேவையான தயமின் ஏறத்தாழ 1.2 மில்லிகிராம். பெண்ணுக்கு 1.1. கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் 1.4. உடல் முழுவதிலும் உள்ள இருப்போ 25 முதல் 30 மில்லிகிராம் வரையிலேதான். உணவில் அது நின்றுபோனால் இரண்டு மூன்று வாரங்களிலேயே உடல் வறுமைப்படத் தொடங்கும். இன்னொரு முரண்பாடும் உண்டு. காபோவைதரேற்றை எவ்வளவு மிகுதியாக உண்கிறோமோ அவ்வளவு மிகுதியாகத் தயமின் செலவாகிறது. ஆகவே காய், பருப்பு, இறைச்சி எதுவுமின்றி வெறும் வெள்ளைச் சோற்றால் வயிற்றை நிரப்புபவனே இந்நோய்க்கு எளிதில் இரையாகிறான். அவனைப் பார்ப்பவருக்குப் பசித்தவனாக அவன் தோன்றுவதில்லை.

நெல்மணியில் தயமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் உள்ளது. உரலிற் குற்றும்போது தவிட்டில் ஒரு பங்கேனும் மணியோடு ஒட்டிநிற்கும். நீராவியால் இயங்கும் ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் றங்கூனிலும் பாங்கொக்கிலும் பிற துறைமுகங்களிலும் எழுந்தபோது நிலைமை மாறியது. தவிடு நீங்கிய வெள்ளையரிசி நெடுநாள் கெடாதிருக்கும், கப்பலேற்றி விற்பதற்கு ஏற்றது, பார்வைக்கும் அழகானது. சுரங்கம், சிறை, படைமுகாம், தோட்டம் என, தன் உணவைத் தானே விளைவிக்கும் வாய்ப்பை இழந்த மனிதர் பெருந்திரளாகக் குவிக்கப்பட்ட இடங்களுக்கெல்லாம் இவ்வரிசி சென்றது. பெரிபெரி பழைய நோயே எனினும் அதனைக் கொள்ளைநோயாக்கியது, நெல்லைப் பண்டமாகவும் உழைப்பைப் பண்டமாகவும் ஒருசேர மாற்றிய பொருளாதாரமே எனலாம்.

யாவாவிற் கிறிஸ்தியான் ஐக்மன் கோழிகளை வைத்துச் செய்த ஆய்வு நன்கறியப்பட்டது. படை மருத்துவமனையின் எஞ்சிய வெள்ளைச்சோற்றை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. புதிதாக வந்த சமையற்காரர், படையினருக்குரிய சோற்றைக் ‘குடிமக்களான’ கோழிகளுக்குத் தர மறுத்ததால் அவை தீட்டாத அரிசியை உண்டு நலமுற்றன. விஞ்ஞான வரலாற்றில் ஒரு சமையற்காரரின் கண்டிப்பு இத்துணைப் பயன்பட்டது வேறெங்கும் இல்லை போலும். பின்னர் வோடர்மன் யாவாவின் 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்து, நோய் அரிசியின் தீட்டலைப் பொறுத்தே மிகுவதையும் குறைவதையும் காட்டினார்.

தமிழர் இக்கதையில் நுழைவது மலாயாவில். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிறடன் ஓர் உண்மையைக் கவனித்தார். ஈயச் சுரங்கத்திற் சயாம் வெள்ளையரிசியை உண்ட சீனர் நூற்றுக்கணக்கிற் பெரிபெரியால் இறந்தனர். தம் நெல்லைத் தாமே குற்றியுண்ட மலாய் மக்களும், இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியை உண்ட தமிழ்த் தொழிலாளரும் தப்பினர். 1907இல் வெளிவந்த தமது நூலில் அவர் இதற்கு அளித்த விளக்கம் பிழையானது. வெள்ளையரிசியைத் தேக்கி வைக்கும்போது அதில் நச்சுப்பொருள் உண்டாகிறது என்றே அவர் நம்பினார். ஆயின் அவதானம் சரியானது. கோலாலம்பூர் மனநோயாளர் இல்லத்தில் 1905இல் வில்லியம் பிளெச்சர் அதனைச் சோதித்தார். ஒரு பிரிவினர் வெள்ளையரிசியையும் மறு பிரிவினர் புழுங்கலரிசியையும் உண்டனர். முதற்பிரிவில் நான்கிலொரு பங்கினருக்கு மேல் நோயுற்றனர்; 18 பேர் இறந்தனர். மறு பிரிவில் எவரும் இறக்கவில்லை. தொடர்ந்து பிரேசரும் சிட்டான்டனும் வீதி அமைக்க வந்த ஏறத்தாழ 300 யாவானியத் தொழிலாளரிடையே இரு வகை அரிசியையும் மாற்றி மாற்றி வழங்கி, வெள்ளையரிசி சென்ற குழுவையே நோய் தொடர்ந்தது என நிறுவினர். 1909இல் அவர்கள், குறை எதுவென்பது தீட்டலில் நீங்கும் பகுதியிலேயே உள்ளது என்ற முடிவை வெளியிட்டனர்.

இங்கு ஒரு கணம் நின்று நோக்குதல் தகும். பித்தரும் கூலிகளும், மறுக்கும் உரிமையற்றோர் என்பதாலேயே, இவ்வாய்வுகளுக்குப் பயன்பட்டனர். தமிழ்த் தொழிலாளரோ, எவரும் திட்டமிடாமலே, மாபெரும் ஒப்பீட்டுக் குழுவாக அமைந்தனர். அவர்களின் உடல்கள் விஞ்ஞானத்துக்குச் சான்று அளித்தன. அவர்களின் வாய்மொழி எங்கும் பதிவாகவில்லை. தொடர்ந்து 1912இற் கசிமிர் பங்கு ‘விற்றமின்’ என்ற சொல்லை ஆக்கினார். 1926இல் யான்சனும் தொனாத்தும் யாவாவில் அச்சத்தைப் பளிங்குருவிற் பிரித்தெடுத்தனர். 1929இல் ஐக்மன் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். 1936இல் உறொபேட்டு வில்லியம்சு தயமினைச் செயற்கையாக ஆக்கினார். இந்த வில்லியம்சு, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில், சமயத் தொண்டரின் மகனாகப் பிறந்தவர்.

புழுக்குதல் ஏன் காத்தது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது நீரிற் கரையும் தயமின் தவிட்டிலிருந்தும் முளையிலிருந்தும் மணியின் உட்பகுதிக்குப் பெயர்கிறது. மாப்பொருள் வெப்பத்தாற் பசையாகி இறுகும்போது அங்கேயே சிறைப்படுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதன் பெரும்பங்கு போவதில்லை. கழுவும்போதும் பச்சரிசியைவிடக் குறைவாகவே கழுநீரோடு செல்கிறது. தீட்டிய பச்சரிசியின் 100 கிராமில் எஞ்சும் தயமின் ஏறத்தாழ 0.06 மில்லிகிராம் எனில், தீட்டிய புழுங்கலரிசியில் அது 0.2 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். இந்த மூன்று மடங்கு வேறுபாட்டினுள்ளேதான் உயிரும் சாவும் அடங்கியிருந்தன.

இதனைத் தமிழினத்தின் உடற்கூற்றுச் சிறப்பாகக் கருதுவோர்க்குச் சென்னை மாகாணமே விடை பகர்கிறது. அம்மாகாணத்தின் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் ஆலையிற் றீட்டிய பச்சரிசி உண்ணப்பட்டது; பெரிபெரி அங்கு நிலைத்திருந்தது. தெற்கே தமிழ் மாவட்டங்களிற் புழுங்கலரிசி வழங்கியது, நோய் அரிது. குன்னூர் ஆய்வுகூடத்தில் அய்க்குரொயிட்டும் அவர்தம் உடனுழைப்பாளரும் 1940இல் வெளியிட்ட அரிசி பற்றிய ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று.

இனத்தின் சிறப்பு அன்றெனில், முன்னோரின் விஞ்ஞான அறிவென்று கொள்ளலாமா? நம்மிடையே பழம்பெருமை பேசுவோர் அவ்வாறு கூறக் காத்திருக்கின்றனர். விற்றமினை அறிந்தா நம் பாட்டிமார் நெல்லை அவித்தனர்? அவித்த நெல்லின் உமி எளிதில் நீங்கும். அரிசி குற்றும்போது நொறுங்காது. பூச்சி எளிதில் அணுகாது. குற்றும் உழைப்பைக் குறைக்கவும் விளைந்ததை வீணாக்காது காக்கவும் உழைப்பாளர் கண்ட வழி அது. அதிலிருந்து விளைந்த உடல்நலம் அவர் நாடாத பயன். அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. உற்பத்தி அனுபவமே அறிவின் ஊற்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. நெல் குற்றுதல் மகளிரின் கூட்டுழைப்பாக இருந்ததை வள்ளைப்பாட்டு என்னும் இலக்கிய வடிவமே உணர்த்தும். அவ்வுழைப்பைப் பாடிய மரபு நமக்குண்டு. அவித்த அரிசியைப் பாடிய மரபு இருந்ததாகத் தெரியவில்லை. ஏனெனில் சாதியச் சமூகத்தின் மதிப்பீட்டில் உயர்ந்தது பச்சரிசி. தெய்வத்துக்குப் படைக்கவும் சடங்குக்கும் அதுவே உரியது. புழுங்கல் ஒருமுறை வெந்துவிட்டமையாற் றூய்மை குன்றியது. தூய்மையென்று போற்றப்பட்டது உயிரைக் காக்கவில்லை; கீழானதென ஒதுக்கப்பட்டதே காத்தது.

இந்த அரிசியே மன்னாரில் இறங்கி நடந்து வந்த கோப்பிக் கூலிகளுக்கும், பின் தேயிலைக் கூலிகளுக்கும் உணவாயிற்று. இலங்கை மலைகளில் நெல் விளைநிலம் அவர்களுக்கு இல்லை. ஆதலின் இந்தியாவிலிருந்தும் பின்னர் பெருமளவிற் பர்மாவிலிருந்தும் புழுங்கலரிசி வந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அவ்வாணிபத்திற் பெரும்பங்கு கொண்டிருந்தனர். தோட்டம் அரிசியை அளந்து கொடுத்துக் கூலியிற் கழித்துக்கொண்டது. எனவே அரிசி உணவு மட்டுமன்று; கடனின் வடிவமும் கட்டுப்பாட்டின் கருவியும் ஆகும். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் எவ்வளவு அரிசி பதியப்பட்டது, சாக்கிலே எவ்வளவு இருந்தது என்பது லயத்தில் எந்நாளும் ஓயாத வழக்கு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் கூலியைத் தோட்ட அரிசியின் விலையோடு பிணைத்தது. 1930களின் மந்தத்தில் அரிசி விலை குறைக்கப்பட்டபோது கூலியும் குறைக்கப்பட்டது. தேவையானதை விலைக்கு வாங்கும் சுதந்திரம் என்பது இங்கே வெறும் சொல்.

புழுங்கலரிசி அவர்களைப் பெரிபெரியிலிருந்து காத்தது. வேறு எதிலிருந்தும் காக்கவில்லை. கொக்கிப்புழு குருதியை உறிஞ்சிற்று. உறொக்பெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியதற்கு, வெளிறிய தொழிலாளி குறைவாகவே கொழுந்தெடுப்பான் என்ற கணக்கும் ஒரு காரணம். சோற்றோடு பருப்பும் கீரையும் போதிய அளவிற் சேராத லயத்திற் குழந்தைகளும் தாய்மாரும் மடிந்தனர். ஒரு சத்தின் கதையை மக்களின் நலவாழ்வின் கதையாக மயங்குதல் கூடாது.

1942 மார்ச்சில் றங்கூன் யப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது; குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. மலையகத்தின் நிலையான உணவாக இன்று நாம் காணும் ரொட்டி, மிகப் பழைமையான மரபன்று, போர்க்காலத்தின் எச்சம். அதிகாலையிற் பிரட்டுக்குப் போகவேண்டிய பெண்ணுக்கு அது வசதியாக இருந்தது. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லயமொன்றில் முதிய அம்மையார் ஒருவர் என்னிடம், “எங்கம்மா காலத்துல கஞ்சி, பழஞ்சோறு. எங்க காலத்துல ரொட்டி” என்றார். அவ்விரு வாக்கியங்களில் ஒரு தலைமுறையின் பொருளாதார வரலாறு அடங்கியுள்ளது.

வெள்ளை மா, வெள்ளையரிசியைப் போன்றே, தவிடும் முளையும் நீங்கியது. முழுக்கோதுமையின் 100 கிராமில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராமாயுள்ள தயமின் வெள்ளை மாவில் 0.1 அளவுக்கு வீழ்கிறது. இதனைப் பிரித்தானிய அரசு நன்கறிந்திருந்தது. தன் நாட்டு வெள்ளை மாவிலே தயமினைச் சேர்ப்பதென 1940இலேயே அது முடிவு செய்தது. இன்றும் அங்கே அது சட்டம். அதே அரசின் ஆட்சியிலிருந்த மலையகத்து லயங்களை நோக்கி அந்தக் கரிசனை கப்பலேறவில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும், மாலையிற் சிறிது சோறும் என்னும் உணவில், புழுங்கலரிசி அளித்த பாதுகாப்பின் பெரும்பகுதி கரைந்தது.

இதனோடு இணைத்து நோக்கவேண்டிய இன்னொரு பொருள் தேயிலையே. தேயிலையிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் தயமினைச் சிதைப்பன. 1970களில் வட தாய்லாந்திற் புளிக்கவைத்த தேயிலையையும் பாக்கையும் மெல்லும் மக்களிடையே நடந்த ஆய்வுகள், அவர்களின் உடலிலே தயமின் நிலை தாழ்ந்திருப்பதையும், அப்பழக்கத்தை நிறுத்தியபோது உயர்வதையும் காட்டின. பாலில்லாத தேத்தண்ணியை உணவோடு குடிப்பதும், மலைக்குளிரிற் பசியை மறக்க வெற்றிலை பாக்கு மெல்லுவதும் லயத்து வாழ்க்கையின் அன்றாடக் கூறுகள். தொழிலாளி உற்பத்தி செய்த பொருள், அதன் தரங்குறைந்த தூளாக அவளிடமே திரும்பிவந்து, அவள் உண்ட சிறு சத்தையும் குறைக்கிறது. உழைப்பின் விளைபொருள் உழைப்பாளிக்கு அந்நியமாகி அவளுக்கெதிராக நிற்கிறது என்னும் கூற்றை மார்க்சு பொருளியற் கருத்தாகவே கூறினார். தெல்தோட்டை மலையில் அது உடலியல் உண்மையாகவும் உள்ளது.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் அரிசி, கோதுமை விலைகள் ஏறியபோது பங்கீடு சுருங்கிற்று. கிராமத்து விவசாயிக்குக் கொத்தக்கூடிய காணித்துண்டு இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது. கண்டி வீதிகளிற் பிச்சையெடுக்க வந்த தோட்டக் குடும்பங்களை அக்காலத்தவர் மறந்திருக்க இயலாது. அவர்களுள் எவர் எச்சத்தின் குறைவால் இறந்தார் என்று பகுத்துக் கூறுதற்கு முன்னதாகவே அவர்கள் பட்டினியால் இறந்தனர்.

2022இன் நெருக்கடியிலும் கோதுமை மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது முதலிற் குறைந்தது லயத்து ரொட்டியின் பருமனே. தெல்தோட்டைக் கடைகளிற் புழுங்கலரிசி இருந்தது. நாட்டிலே தீட்டிய சம்பாவும் நாட்டரிசியும் சாக்குச் சாக்காக அடுக்கப்பட்டிருந்தன. அதனை வாங்குதற்கான நாட்கூலிதான் பெயர் போடும் ஏட்டில் இல்லை.